பட்டத்தின் விலை: தமிழ்நாட்டுக் கல்லூரிக் கல்வி குறித்து ஓர் ஆராய்ச்சி

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில், தமிழ்நாட்டின் எளிய குடும்பங்கள் பலவற்றில் இரண்டு கேள்விகள் ஒருசேர எழுகின்றன: பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க எவ்வளவு செலவாகும் என்பது ஒன்று, அவ்வளவும் செலவழித்தபின் அதனால் என்ன பிரயோஜனம் உண்டாகும் என்பது மற்றொன்று. வீட்டில் ஒரே மூச்சில் கேட்கப்படும் இவ்விரண்டையும் அரசாங்க அறிக்கைகளும் அறிஞர்களின் விவாதங்களும் தனித்தனியே பிரித்து, கட்டணத்தைப் பற்றி ஒரு சாராரும் கல்வியின் தரத்தைப் பற்றி வேறொரு சாராரும் பேசும்படி விட்டுவிட்டன. அவ்வாறு பிரித்ததனாலேயே நம்முடைய உயர்கல்விக் கொள்கையில் ஒரு பெருங்குறை நேர்ந்தது என்பதும், கட்டணத்தைக் குறைப்பதில் காட்டிய அக்கறையை வகுப்பறையில் நடைபெறும் போதனையின்பாலும் காட்டினாலன்றி ஏழை செய்யும் செலவு ஏழைக்குப் பயன் தராது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

நாம் அடைந்துள்ள நிலை சாமானியமானதன்று என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2021-22ஆம் ஆண்டு அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, பதினெட்டு முதல் இருபத்துமூன்று வயது வரையுள்ளோரின் தொகையோடு ஒப்பிடுகையில் உயர்கல்வி பயில்வோர் இந்தியா முழுமைக்கும் 28.4 விழுக்காடு, தமிழ்நாட்டில் 47 விழுக்காடு. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை 2035க்குள் அடையவேண்டும் என்று குறித்த இலக்கு 50 விழுக்காடு. பாரதம் பதினைந்து ஆண்டுகளில் எட்ட விரும்பும் இடத்தின் வாயிலில் தமிழகம் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறது. ஆகவே, வாயிலைத் திறப்பது எப்படி என்ற பழைய வினாவைக் காட்டிலும், உள்ளே வந்தவர் எதைக் கொடுத்து எதைப் பெறுகிறார் என்ற வினாவே இன்று நமக்கு முதன்மையானது.

அறமாகக் கருதப்பட்ட காலம்

சென்னைச் சர்வகலாசாலை 1857இல் நிறுவப்பட்டபோது, அது தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் ஸ்தாபனமாகவே இருந்தது. போதனையின் பாரத்தை அரசாங்கக் கல்லூரிகளும் கிறிஸ்தவ மிஷன்களும் தர்மசிந்தையுள்ள செல்வர்களும் பகிர்ந்து சுமந்தனர். அச்சர்வகலாசாலையின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் நடத்திய வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்றவர்கள். அவ்விருவருள் ஒருவரான சி. வை. தாமோதரம் பிள்ளை, பிற்காலத்தில் உத்தியோகத்தின் நடுவே ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தொகுத்து, வீரசோழியத்தையும் தொல்காப்பிய உரைகளையும், 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். அவருடைய பட்டம் அவருக்கு ஈட்டித்தந்த ஊதியத்தை எவரும் கணக்கிட்டுவிடலாம். அப்பட்டத்தால் தமிழ் அடைந்த ஆக்கத்தை ரூபாயில் சொல்ல முடியாது. கல்வியின் பயனை ஆராயப் புகுவோர் மறக்கலாகாத முதல் உண்மை இது.

கல்லூரிகளை நிறுவிய செல்வர்களும் இப்பயனையே கருதினார்கள். 1794இல் காலமான பச்சையப்ப முதலியார் அறச்செயல்களுக்கென எழுதிவைத்த சொத்து, நெடுங்காலம் வழக்கில் கிடந்தபின் நீதிமன்றத்தின் தீர்ப்பால் மீட்கப்பட்டு, 1842இல் ஒரு பள்ளியாகவும் 1889இல் கல்லூரியாகவும் உருவெடுத்தது. அன்னி பெசண்ட் அம்மையாரின் நூற்றாண்டையொட்டி 1947இல் நடந்த கூட்டமொன்றில், துணைவேந்தர் இலட்சுமணசுவாமி முதலியார் செல்வந்தர்கள் கல்லூரிகள் தொடங்க முன்வரவேண்டும் என்று வேண்டியபோது, அழகப்பச் செட்டியார் அவ்வேண்டுகோளை ஏற்று அவ்வாண்டிலேயே காரைக்குடியில் கல்லூரியைத் தொடங்கினார்.

இக்காலத்தை ஒரு பொற்காலம் என்று புகழ்வதும் பொருந்தாது. வாயில் குறுகலானது, கட்டணம் செலுத்த வல்லவர்க்கும், தலைமுறை தலைமுறையாக எழுத்தறிவு பெற்ற வகுப்பினர்க்குமே அது எளிதில் திறந்தது. சென்னையில் பெண்களுக்கென இராணி மேரி கல்லூரி தோன்ற 1914 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்கு மெட்ரிக்குலேஷனுக்குப் பிந்திய படிப்புக்கான உபகாரச் சம்பளம் 1944இல்தான் தொடங்கிற்று. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை 1951இல் செண்பகம் துரைராசன் வழக்கில் செல்லாததாக்கப்பட்டபோது, அதனை முன்னிட்டு எழுந்த கிளர்ச்சியின் விளைவாக அரசியல் சாசனத்தின் முதல் திருத்தமே கொண்டுவரப்பட்டது என்பது, கல்லூரி இடத்தை நம் மக்கள் எத்துணைப் பெரிய உரிமையாகக் கருதினர் என்பதற்குச் சான்று.

கட்டணத்தைப் பற்றிய நியாயத்தை இக்காலத்தில் மிகத் தெளிவாக எடுத்துரைத்தவர் டாக்டர் அம்பேத்கர். பரோடா மன்னரின் உதவிச் சம்பளம் கொண்டு 1913இல் கொலம்பியா சர்வகலாசாலைக்குச் சென்று பயின்று திரும்பிய அவர், 1927இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் வரவுசெலவுத் திட்டத்தின்மீது பேசுகையில், கல்வி இலாகா என்பது கொடுத்ததற்கு ஈடு வாங்கும் அடிப்படையில் நடத்தப்படலாகாது என்றும், கீழ்நிலையிலுள்ள வகுப்பினர் உயர்கல்விக்கு வரத் தொடங்கும் வேளையில் அதனை இயன்றவரை மலிவாக்குவதே அரசின் கடமை என்றும் வாதித்தார். பிறருடைய பொருளுதவியால் கிட்டிய கல்வி ஒரு தேசத்தின் அரசியல் சாசனத்தை வரையும் ஆற்றலாக விளைந்ததை அவர் வாழ்வே காட்டிற்று.

சந்தையும் நீதிமன்றமும்

சுதந்திரத்துக்குப் பின் பள்ளிக்கல்வி பரவப் பரவ, கல்லூரிக்கு வர விரும்புவோரின் தொகை பெருகிற்று. அரசின் நிதியோ அதற்கு ஈடுகொடுக்கவில்லை. தேசிய வருமானத்தில் 6 விழுக்காட்டைக் கல்விக்கு ஒதுக்கவேண்டும் என்று 1966இல் கோத்தாரிக் குழு கூறிய பரிந்துரை இன்றளவும் நிறைவேறவில்லை. இந்த இடைவெளியில்தான் தனியார் மூலதனம் நுழைந்தது. 1984-85 முதல், எம்.ஜி.ஆர். ஆட்சியில், அரசின் மானியம் பெறாத சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி வழங்கப்பட்டது. அதுவரை விரல்விட்டு எண்ணத்தக்கனவாயிருந்த பொறியியல் கல்லூரிகள் ஒரு தலைமுறைக்குள் ஐந்நூறைத் தாண்டின.

இக்கல்லூரிகள் செய்த நன்மையை மறைத்தல் நியாயமன்று. உழவரின் பிள்ளைகளும் நெசவாளரின் பிள்ளைகளும் மென்பொருள் நிறுவனங்களில் அமர்ந்ததற்கும், சென்னையும் கோவையும் தொழில் நகரங்களாக உயர்ந்ததற்கும் இவை ஒரு காரணம். ஆனால், இட எண்ணிக்கை ஆசிரியர் எண்ணிக்கையினும் விரைவாகப் பெருகிற்று. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வின் முடிவில் ஏறத்தாழப் பாதி இடங்கள் நிரம்பாமலே நின்ற ஆண்டுகளும் வந்தன. பல கல்லூரிகள் மூடப்பட்டன. அவற்றில் நிலத்தை விற்றும் நகையை அடகு வைத்தும் சேர்ந்தவர்கள், மூடிய கல்லூரியின் பெயரைத் தாங்கிய சான்றிதழோடு வேலை தேடும் நிலைக்கு ஆளாயினர்.

கட்டணத்துக்கு வரம்பு உண்டா என்ற வினா உச்சநீதிமன்றத்தின்முன் மீண்டும் மீண்டும் வந்தது. கருநாடக அரசு 1989இல் தனியார் மருத்துவக் கல்லூரிகளுக்கு வகுத்த கட்டணத்தில், அரசு ஒதுக்கீட்டு மாணவர் ஆண்டுக்கு 2,000 ரூபாயும், ஏனைய கருநாடக மாணவர் 25,000 ரூபாயும், வெளி மாநிலத்தவர் 60,000 ரூபாயும் செலுத்தவேண்டியிருந்தது. அதனை எதிர்த்து எழுந்த மோகினி ஜெயின் வழக்கில் 1992இல், கல்வி பெறுதல் குடிமக்களின் உரிமை என்றும், நன்கொடை என்ற பெயரால் இடத்தை விற்பது அவ்வுரிமைக்கு முரண் என்றும் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாடும் அவ்வாண்டிலேயே நன்கொடை வசூலைத் தடைசெய்யும் சட்டத்தை இயற்றிற்று. மறு ஆண்டில் உண்ணிகிருஷ்ணன் வழக்கு இந்நிலையைச் சற்றே குறுக்கி, பதினான்கு வயது வரையுள்ள கல்வியே முழு உரிமை, அதற்குமேல் உள்ளது அரசின் பொருளாதார வலிமைக்கு உட்பட்டது என்றது. தனியார் தொழிற்கல்லூரிகளில் பாதி இடங்களைக் குறைந்த கட்டணத்திலும் பாதியைக் கூடுதல் கட்டணத்திலும் நிரப்பும் ஏற்பாட்டையும் வகுத்தது. பதினொரு நீதிபதிகள் அமர்ந்த 2002ஆம் ஆண்டு டி.எம்.ஏ. பாய் வழக்கின் தீர்ப்பு அந்த ஏற்பாட்டை நீக்கி, கல்லூரி தன் வளர்ச்சிக்கு வேண்டிய நியாயமான உபரியை ஈட்டலாம், கொள்ளை இலாபம் ஈட்டலாகாது என்றது. நியாயமான உபரி எங்கே முடிந்து கொள்ளை இலாபம் எங்கே தொடங்குகிறது என்பதை வரையறுக்க, 2003இல் மற்றொரு தீர்ப்பின்படி மாநிலந்தோறும் கட்டண நிர்ணயக் குழுக்கள் தோன்றின.

தமிழ்நாட்டின் குழு 2017இல் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாயும், தர அங்கீகாரம் பெற்ற பிரிவுகளுக்கு 55,000 ரூபாயும், நிர்வாக ஒதுக்கீட்டுக்கு முறையே 85,000, 87,000 ரூபாயும் என வரையறுத்தது. காகிதத்தில் இது மிதமான தொகையே. அதற்கு அப்பால் உள்ள கணக்குதான் குடும்பத்தைத் தளர்த்துகிறது.

கட்டண அட்டையில் காணாத செலவு

ஒரு சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் சேர்க்கைக்குச் செல்லும் தந்தையின் கையில் தரப்படும் தாளைக் கூர்ந்து நோக்குவோம். முதல் வரியில் குழு நிர்ணயித்த கற்பிப்புக் கட்டணம். அதன் கீழே வளர்ச்சிக் கட்டணம், ஆய்வகக் கட்டணம், புத்தகங்களுக்கு ஒரு தொகை, சீருடைக்கு ஒரு தொகை, வேலைவாய்ப்புப் பயிற்சிக்கு ஒரு தொகை, தேர்வுக் கட்டணம். ஊரிலிருந்து கல்லூரிப் பேருந்தில் வந்தால் அதற்குரிய ஆண்டுத் தொகை கற்பிப்புக் கட்டணத்தில் பாதியை எட்டுவதுண்டு. விடுதியில் தங்கினால் தங்கலும் உணவும் சேர்ந்து அக்கட்டணத்தையே மிஞ்சுவதுண்டு. அரசு கட்டுப்படுத்தியது முதல் வரியை மட்டுமே. ஏனைய வரிகள் ஒவ்வொன்றும் சிறிதாகத் தோன்றி, கூட்டுத் தொகையில் பெரிதாகின்றன.

இதற்கு நேர்மாறான இடத்தையும் காண்போம். அரசுக் கலைக் கல்லூரியில் இளங்கலைக்குக் கற்பிப்புக் கட்டணம் இல்லை; ஏனைய கட்டணங்களும் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயைத் தாண்டுவதில்லை; பேருந்துப் பயணத்துக்கும் சலுகை உண்டு. கல்வி ஏறத்தாழ இலவசம் என்றே எவரும் கூறுவர். ஆனால், அவ்விலவசக் கல்விக்கு வரும் பதினெட்டு வயது இளைஞன் வராதிருந்தால் பனியன் கம்பெனியிலோ கட்டட வேலையிலோ நாளொன்றுக்கு ஐந்நூறு ரூபாய் ஈட்டியிருப்பான் என்று கொண்டால், மாதம் இருபத்தைந்து நாள் வேலைக்கு ஆண்டில் 1,50,000 ரூபாய் ஆகிறது. மூன்றாண்டுகளில் 4,50,000 ரூபாய். இத்தொகையை எந்தக் காசாளரும் பெற்றுக்கொண்டு ரசீது தருவதில்லை. ஆயினும், அக்குடும்பம் இதனைச் செலுத்தியே தீருகிறது. தம்பி தங்கையரின் உணவிலும் தாயின் மருந்திலும் குறைந்தே இது செலுத்தப்படுகிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு இவ்விழப்பு ஒரு பொருட்டாகாது. அவன் பதினெட்டு வயதில் சம்பாதிப்பான் என்று எவரும் எதிர்பார்ப்பதே இல்லை. ஒரே கல்லூரி, ஒரே கட்டணம், ஆயினும் இருவர் கொடுக்கும் விலை ஒன்றன்று. மலிவு என்பதைக் கட்டணத்தால் மட்டும் அளப்போர் இவ்விடத்தில்தான் தவறுகிறார்கள்.

கடனின் கணக்கு

கையில் பணம் இல்லாதவர்க்குக் கடன் உண்டு என்பது இக்காலத்தின் விடை. இந்திய வங்கிகள் சங்கம் 2001இல் வகுத்த மாதிரித் திட்டத்தைப் பின்பற்றி, நான்கு இலட்சம் ரூபாய் வரை பிணையின்றிக் கல்விக்கடன் வழங்கும் முறை வந்தது. ஆண்டு வருமானம் நான்கரை இலட்சத்துக்கு உட்பட்ட குடும்பங்களுக்குப் படிப்புக் காலத்தின் வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டமும் 2009-10 முதல் உள்ளது. இதனால் படித்து உயர்ந்தோர் பலர். ஆயினும், வட்டி மானியம் கிட்டாத ஒருவரின் கணக்கைப் பொறுமையாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நான்காண்டுப் படிப்பில் ஆண்டின் தொடக்கந்தோறும் ஓர் இலட்சமாக நான்கு இலட்சம் பெறுகிறார் எனவும், வட்டி பத்து விழுக்காடு எனவும், படிப்பு முடிந்து ஓராண்டு கழித்தே தவணை தொடங்குகிறது எனவும் வைத்துக்கொள்வோம். தனிவட்டியே கணக்கிட்டாலும், முதல் தவணை கட்டும் நாளில் கடன் 5,40,000 ரூபாயாக நிற்கும். அதனை ஏழாண்டுகளில் அடைக்க மாதந்தோறும் ஏறத்தாழ 8,965 ரூபாய் செலுத்தவேண்டும். மொத்தத்தில் நான்கு இலட்சத்துக்கு ஏழரை இலட்சத்துக்கும் சற்று மிகுதியாகத் திருப்பிக் கொடுக்கிறார். பெரிய மென்பொருள் நிறுவனங்கள் பல, புதிதாகச் சேரும் பொறியாளருக்குப் பல்லாண்டுகளாக ஆண்டுக்கு மூன்றரை இலட்சம் அளவிலேயே தொடக்க ஊதியம் தந்து வருகின்றன. பிடித்தங்கள் போகக் கைக்கு வருவதில் மூன்றில் ஒரு பங்கைத் தவணை கொண்டுபோகும். அத்தகைய வேலை கிடைத்தவர் பாக்கியவான். வேலை கிடைக்காதவருக்கும், பத்தாயிரத்துக்கும் பன்னிரண்டாயிரத்துக்கும் ஒரு கடையில் அமர்ந்தவருக்கும் தவணை அதே தவணைதான்.

ஆஸ்திரேலியா 1989இல் இதற்கு வேறொரு வழி கண்டது: பட்டதாரியின் வருமானம் ஒரு வரம்பைத் தாண்டியபின்னரே கடன் வரியோடு சேர்த்துப் பிடிக்கப்படும், வரம்புக்குக் கீழ் உள்ளவர் செலுத்த வேண்டுவதில்லை. பெரும்பாலோரின் வருமானம் வரிக் கணக்குக்குள் வராத நம் நாட்டில் அதனை அப்படியே கைக்கொள்வது கடினம்; ஆனால், கல்வி பயன் தராதபோது அந்நஷ்டம் முழுவதையும் மாணவன் தலையில் மட்டும் சுமத்தலாகாது என்ற அதன் தத்துவம் நமக்கும் உரியதே.

பயன் என்பது யாது?

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் தியோடர் ஷூல்ட்ஸ் 1960இல் ஆற்றிய பேருரையும், கேரி பெக்கர் 1964இல் வெளியிட்ட நூலும், கல்வியை மனித மூலதனமாகக் காணும் சித்தாந்தத்தை நிலைநாட்டின. கல்வி உழைப்பாளியின் திறனைப் பெருக்குகிறது, பெருகிய திறன் கூடுதல் ஊதியமாகிறது என்பது அதன் சாரம். 1973இல் மைக்கேல் ஸ்பென்ஸ் இதற்கு ஒரு மறுப்பைப் போன்ற விளக்கம் தந்தார்: பட்டம் திறனை உண்டாக்காவிடினும், முன்னரே உள்ள திறனை வேலை தருவோர்க்குக் காட்டும் அடையாளமாகப் பயன்படக்கூடும். தமிழ்நாட்டின் அனுபவம் இவ்விரண்டையும் சோதித்துப் பார்க்க உதவுகிறது. எல்லோர் கையிலும் பட்டம் இருக்கும்போது அடையாளமாக அதன் மதிப்புக் குறைகிறது. திறனாக விளைந்த பட்டமே மிஞ்சி நிற்கிறது.

அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் 2023இல் வெளியிட்ட இந்தியத் தொழிலாளர் நிலை பற்றிய அறிக்கை, 2021-22இல் இருபத்தைந்து வயதுக்குட்பட்ட பட்டதாரிகளில் வேலை தேடியும் கிடைக்காதோர் 42 விழுக்காட்டுக்கும் மேல் என்றும், முப்பத்தைந்து வயதைக் கடந்த பட்டதாரிகளிடையே அது 5 விழுக்காட்டுக்கும் கீழ் என்றும் காட்டுகிறது. காலம் செல்லச் செல்ல எல்லோரும் ஏதோ ஒரு வேலையில் அமர்ந்துவிடுகிறார்கள். ஆனால், அக்காத்திருப்பின் ஆண்டுகளைத் தாங்கும் வலிமை எல்லா வீட்டுக்கும் இல்லை. போட்டித் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டு ஐந்தாண்டு காத்திருப்பவனுக்கு உணவளிக்க ஒருவர் வேண்டும். அப்படி ஒருவர் இல்லாதவன் முதலில் கிடைத்த வேலையை ஏற்று, கற்றதை மறக்கிறான்.

அதே பட்டம் எல்லோருக்கும் ஒரே பயனைத் தருவதும் இல்லை. சுகதேவ் தோரட், பால் அட்டவெல் ஆகிய இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், தனியார் நிறுவனங்களின் விளம்பரங்களுக்கு ஒத்த தகுதிகள் கொண்ட விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினர். உயர்சாதி இந்துப் பெயர் தாங்கிய விண்ணப்பத்தோடு ஒப்பிட, தலித் பெயர் தாங்கியதற்கு நேர்காணல் அழைப்பு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகவே இருந்தது. விலையைக் கூடுதலாகக் கொடுத்த குடும்பமே பயனைக் குறைவாகப் பெறும் அநீதி இது.

ஊதியத்துக்கு அப்பாற்பட்ட பயன்கள் உண்டு. அவற்றைப் பெரிதென்று சொல்ல நான் தயங்கமாட்டேன். மகள் கல்லூரியில் இருக்கும் மூன்றாண்டுகள் அவள் திருமணம் தள்ளிப்போகிறது. வங்கிப் படிவத்தையும் மருத்துவரின் சீட்டையும் தாசில்தார் அலுவலக ஆணையையும் படித்து வினவக்கூடிய ஒருவர் தெருவில் உண்டாகிறார். வேறு சாதியாரோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து, ஒரே விடுதிப் பந்தியில் உண்டு பழகிய ஒரு தலைமுறை எழுகிறது. கல்லூரி தந்த இப்பயன்கள் எந்த வேலைவாய்ப்புப் புள்ளிவிவரத்திலும் இடம்பெறுவதில்லை. ஆயினும், இவற்றைச் சொல்லி வேலையின்மையை மறைக்கும் உரிமை எவருக்கும் இல்லை. நகையை அடகு வைத்த தாய்க்கு அவள் மகனின் பண்பாட்டு வளர்ச்சி மட்டும் போதும் என்று சொல்வது, செல்வர் ஏழைக்குக் கூறும் உபதேசமாகவே முடியும்.

செலவு யாருடையது?

பயன் பெறுபவரே செலவை ஏற்கவேண்டும் என்ற கொள்கை 1990களில் அரசாங்கத்திலேயே வலுப்பெற்றது. பல்கலைக்கழக மானியக் குழு நியமித்த புன்னையா குழு, 1993இல், பல்கலைக்கழகங்கள் தம் தொடர்செலவில் 15 விழுக்காட்டை ஐந்தாண்டுகளிலும் 25 விழுக்காட்டைப் பத்தாண்டுகளிலும் தாமே திரட்டவேண்டும் என்றது. மத்திய நிதி அமைச்சகத்தின் 1997ஆம் ஆண்டு அறிக்கை உயர்கல்வியை மானியத்துக்கு முதன்மைத் தகுதியற்ற இனங்களோடு சேர்த்தது. 2000இல் அம்பானி-பிர்லா அறிக்கை அக்கொள்கையை இன்னும் வெளிப்படையாகக் கூறிற்று. இவ்வாதத்தில் ஓர் உண்மை உண்டு: உயர்ந்த ஊதியம் நிச்சயமான சில சிறப்புக் கல்வி நிலையங்களில் வசதியுள்ளோர் பொதுப்பணத்தில் பயில்வது முறையன்று. ஆனால், அவ்வுண்மையைக் கிராமத்து அரசுக் கல்லூரிக்கும் நீட்டுவது அநியாயம். செவிலியர் உழைப்பின் பயனை நோயாளியும், ஆசிரியர் உழைப்பின் பயனை அவர் மாணவரும் அடைகின்றனர். பயன் பெறுபவர் என்ற சொல்லுக்குள் சமுதாயம் முழுவதும் அடங்கும்போது, செலவிலும் சமுதாயம் பங்கேற்பதே தர்மம்.

தமிழ்நாடு இத்தர்மத்தைப் பெருமளவு ஏற்றுக்கொண்ட மாநிலம். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வருபவருக்குத் தொழிற்கல்வியில் கட்டணச் சலுகை 2010-11இல் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவத்தில் 2020இலும் ஏனைய தொழிற்படிப்புகளில் 2021இலும் 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு சட்டமாயிற்று. அவர்களின் கட்டணத்தை அரசே ஏற்றது. இவை எல்லாவற்றினும் ஆழ்ந்த பொருளுடையது 2022இல் நிகழ்ந்த ஒரு மாற்றம். மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரால் 1989இல் தொடங்கி, படித்த ஏழைப் பெண்ணின் திருமணத்துக்குப் பணமும் பிற்காலத்தில் தாலிக்குத் தங்கமும் வழங்கிவந்த திட்டம், அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரிக்கு வரும் பெண்ணின் வங்கிக் கணக்கில் மாதந்தோறும் 1,000 ரூபாய் செலுத்தும் புதுமைப்பெண் திட்டமாக மாற்றப்பட்டது; 2024இல் ஆண்களுக்கும் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தது. நாம் முன்னர்க் கணக்கிட்ட இழந்த கூலியில் இத்தொகை எட்டு விழுக்காடே. ஆயினும், பெண்ணின் படிப்பு செலவு என்று மட்டும் எண்ணிய வீட்டில், அவள் படிப்பதனால் மாதந்தோறும் ஒரு தொகை வருகிறது என்பது அவள் பேச்சுக்கு வலிமை தருகிறது.

குறைகளையும் கூறவேண்டும். முதல் பட்டதாரிச் சலுகை குடும்பத்தில் ஒருவருக்கே. அண்ணன் அதனைப் பெற்றுவிட்டால், வருமானம் சிறிதும் உயராத அதே வீட்டின் தங்கை முழுக் கட்டணமும் செலுத்தவேண்டும். அச்சான்றிதழுக்காக ஈ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று படிப்படியாக ஏறி இறங்கும் நாட்களில் தந்தையின் கூலி இழப்பாகிறது. உபகாரச் சம்பளம் காலந்தாழ்ந்து வரும்போது, கல்லூரி அதுவரை பொறுப்பதில்லை. வட்டிக்கு வாங்கியே கட்டவேண்டியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இச்சலுகைகளில் பெரும் பகுதி அரசின் கருவூலத்திலிருந்து சுயநிதிக் கல்லூரிகளுக்குச் செல்லும் கட்டணமாகிறது. அங்கே போதனை எத்தன்மையது என்று கேட்கும் ஏற்பாடு அப்பணத்தோடு செல்வதில்லை.

போதிப்பவரே விலையின் ஈடு

கல்லூரிக்கு ஒருவர் கொடுக்கும் விலைக்கு ஈடாகக் கல்லூரி தரக்கூடியது நல்லாசிரியரின் போதனை ஒன்றே. கட்டடமும் பேருந்தும் குளிரூட்டிய அரங்கும் அதற்குத் துணைகள். இந்த ஈடு எந்நிலையில் உள்ளது? நம் அரசுக் கலைக் கல்லூரிகளில் நிரந்தரப் பணியிடங்கள் பல நிரப்பப்படாமலிருக்க, வகுப்புகளின் பாரத்தைக் கௌரவ விரிவுரையாளர்கள் சுமக்கிறார்கள். முனைவர் பட்டமும் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் பெற்றிருந்தும், மாதம் 25,000 ரூபாய் அளவிலான ஊதியத்தில், ஆண்டில் பதினொரு மாதத்துக்கே அவர்களுக்குச் சம்பளம். பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் இத்தகையோர்க்கு மாதம் 50,000 ரூபாய் வரை வழங்கலாம் என்று வகுத்திருக்க, அதில் பாதியோடு அவர்கள் முதுமையை நோக்கி நகர்கிறார்கள். தனியார் சுயநிதிக் கல்லூரிகள் பலவற்றில் நிலை இதனினும் தாழ்ந்தது.

இதன் விளைவு மாணவனையே சேர்கிறது. ஆங்கிலம் தெரியாமல் கிராமத்துப் பள்ளியிலிருந்து வந்தவனுக்கு, தாமதித்துப் புரிந்துகொள்ளும் உரிமையும், வகுப்பு முடிந்தபின் அருகே அமர்த்தி விளக்கும் ஆசிரியரும் தேவை. அடுத்த ஆண்டு இங்கிருப்போமா என்று அறியாத ஆசிரியர், எவ்வளவு நல்லவராயினும், அதனை இடையறாது செய்ய இயலாது. வீட்டில் படித்தவர் உள்ள மாணவன் இக்குறையைத் தனிப்பயிற்சியால் ஈடுசெய்துகொள்வான். முதல் தலைமுறை மாணவனுக்கோ வகுப்பறையே முழுமுதல். அவன் அரியர்களோடு வெளியேறும்போது, அவன் குடும்பம் இழந்த நாலரை இலட்சமும் அரசு தந்த சலுகையும் ஒருங்கே வீணாகின்றன. ஆசிரியர் சம்பளத்தில் மிச்சம் பிடித்ததாக அரசு எழுதிக்கொள்ளும் தொகை, அவ்வாறு ஏழையின் கணக்கில் இருமடங்கு நஷ்டமாகிறது.

ஆகவே, செய்யவேண்டியவை சிலவே, அவை தெளிவானவை. அரசுக் கல்லூரிகளின் காலிப் பணியிடங்களை நிரந்தர ஆசிரியரைக் கொண்டு நிரப்புதல். ஒவ்வொரு வட்டத்தின் கல்லூரிக்கும் ஆண் பெண் இருபாலார்க்கும் விடுதி அமைத்தல். மாதாந்திர உதவித்தொகையை இழந்த கூலியின் கணக்கை நோக்கிப் படிப்படியாக உயர்த்துதல். கட்டண நிர்ணயம் முதல் வரியோடு நில்லாமல் பேருந்து, விடுதி உட்பட மொத்தத் தொகைக்கும் பொருந்தச் செய்தல். அரசின் பணம் பெறும் ஒவ்வொரு கல்லூரியும் தன் ஆசிரியர் எண்ணிக்கையையும் தேர்ச்சி விகிதத்தையும் சேர்க்கைக்கு முன்பே வெளியிடுமாறு கட்டாயப்படுத்துதல். இவற்றுள் முதலாவது நிறைவேறாமல் மற்றவை நிறைவேறினும் பயனில்லை.

பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பும் பெற்றோரிடமும் ஒன்று வேண்டுகிறேன். கல்லூரியின் வாயிலையும் விளம்பரத்தையும் கண்டு முடிவு செய்யாதீர்கள். அத்துறையில் நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், சென்ற ஆண்டு எல்லாப் பாடங்களிலும் தேறியவர் எத்தனை பேர் என்ற இரண்டையும் கேட்டு, எழுத்தில் விடை பெற்றபின் பணம் கட்டுங்கள். அவ்விடையைத் தர மறுக்கும் கல்லூரி, அரசினுடையதாயினும் தனியாருடையதாயினும், எவ்வளவு குறைந்த கட்டணம் கேட்டாலும் உங்களுக்கு விலை மிகுந்ததே.